அறுபத்துமூன்று நடை வண்டல்

கல்லுப்பாலம்பட்டியில் போய் இன்னாசியம்மாள் வீடு எது என்று கேட்டால் செத்த நேரம் யோசிப்பார்கள். மனுக்காரி வீடு என்று கேளுங்கள், நண்டு சிண்டுகள்கூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடும். பதினோரு வருஷமாகத் திங்கட்கிழமை விடிந்தால் திண்டுக்கல் பஸ் ஏறி, கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்துவிட்டு, ரசீதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு திரும்புகிறவளுக்கு வேறு என்ன பேர் வைப்பார்கள்? மனு எல்லாம் ஒரே மனுதான். குடகனாற்றைச் சுத்தம் பண்ணிக் கொடுங்கள். தேதியை மட்டும் மாற்றி எழுதுவாள்.

தாடிக்கொம்பு போகிற வழியில் ஆறு ஒரு வளைவு போடும். அந்த வளைவுக்குள் இருக்கிறது ஊர். டவுனிலிருந்து வருகிற சாக்கடையும், தோல் பதனிடுகிற ஷாப்புகளின் கழிவும் சேர்ந்து, முழங்கால் உயரத்துக்கு நுரை கட்டிக்கொண்டு ஊரைத் தாண்டிப் போன காலம் ஒன்று உண்டு. கிணற்றுத் தண்ணீரில் துவரம்பருப்பு ஏழு விசிலுக்கும் வேகாது. சோப்பைத் தேய்த்தால் நுரைக்குப் பதில் தயிர் மாதிரி திரியும்.

இன்னாசியம்மாளுக்கும் தோலுக்கும் உள்ள உறவு அதற்கும் முந்தியது. பதினெட்டு வயதில் ஒரு தோல் ஷாப்பில் உப்புத் தட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். பச்சைத் தோலுக்கு உப்புப் போட்டு மடித்து லாரியில் கொண்டுவந்து இறக்குவார்கள். அதைப் பிரித்து, உதறி, ஒட்டிக்கிடக்கிற உப்பைத் தட்டி எடுத்தால்தான் ஊறப் போட முடியும். அங்கிருந்து சுண்ணாம்புக் குழி, மயிர் வழிக்கிற மேடை, அப்புறம் பெரிய பெரிய மர டிரம். டிரம்முக்குள் வெள்ளையாகப் போகிற தோல் குரோம் ரசாயனத்தைக் குடித்து நீலமாக வெளியே வரும். இருபத்தோரு வருஷம் அதற்குள்ளேயே கிடந்தாள். அந்த ஷாப்பை மூடியபோது அவளுக்கு மிஞ்சியது நகமில்லாத மூன்று விரல்களும் எந்த நாற்றத்தையும் இது இன்னதென்று சொல்லிவிடுகிற ஒரு மூக்கும்தான். மூடிய மறு வருஷமே, புருஷன் ஜெரோமின் அறுபது சென்ட் நிலத்தில் மல்லிகை வைத்தாள். ஜெரோம் குட்டி யானை லோடு வண்டி ஓட்டுகிறவர். ஊர்ப் பூவை எல்லாம் ஏற்றிக்கொண்டு விடிகாலையில் பூ மார்க்கெட்டுக்குப் போய்விடுவார்.

பன்னிரண்டாவது வருஷம், வைகாசி மாதம், மனு பலித்தது. இரண்டு கிலோமீட்டருக்கு ஆற்றைத் தூர்வாரிச் சுத்தம் செய்ய உத்தரவு வந்து, ஒரு காண்டிராக்டர் ஹிட்டாச்சி எந்திரத்தை ஆற்றுக்குள் இறக்கினார். அன்றைக்கு இன்னாசியம்மாள் எந்திரத்துக்குச் சூடம் காட்டியதைப் பார்த்து, "சாமியாருக்குத் தெரிஞ்சா ஒனக்குப் பூசை வைப்பாரு" என்று கேலி செய்தார்கள். "நன்மைக்குத்தானப்பு, ஆண்டவர் கோச்சுக்க மாட்டாரு" என்றாள்.

கருவேல மரங்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எந்திரம் ஒரு ஆள் ஆழத்துக்குத் தோண்டியதும் அடியிலிருந்து கன்னங்கரேல் என்று மண் வந்தது. அதைப் பார்த்ததும் ஊருக்கே கண் விரிந்துபோனது.

இங்கேதான் தப்பு நடந்தது. கண்மாயிலிருந்தோ ஆற்றிலிருந்தோ எடுக்கிற கறுப்பு மண்ணுக்கு வண்டல் என்று பேர். வண்டல் என்றால் இந்தப் பக்கத்துச் சம்சாரிக்குச் சோறு வேண்டாம், தண்ணீர் வேண்டாம். சிட்டா அடங்கலை இணைத்து, வி.ஏ.ஓ. கையெழுத்தோடு விண்ணப்பம் போட்டால் இலவசமாக அள்ளிக்கொள்ளலாம். காண்டிராக்டரின் ஆள் பிராங்கிளின் என்று ஒரு பையன், முப்பது வயதிருக்கும், கட்டுக்கட்டாக விண்ணப்பத் தாளைக் கொண்டுவந்து பால் சொசைட்டியிலேயே வைத்துவிட்டான். "எடுத்துக்கிறவங்க எடுத்துக்கங்கண்ணே. ஆறும் சுத்தமாகும், காடும் வெளையும்."

யாருக்கு எத்தனை டிராக்டர் நடை என்று கரையில் நின்று முறை பிரித்துக் கொடுத்தது இன்னாசியம்மாள்தான். இரண்டு வருஷமாக நல்ல மழை, ஆற்றுத் தண்ணீர் தெளிந்து குறவை மீன்கூட வந்திருந்தது. தண்ணீர் தெளிந்தால் மண்ணும் தெளிந்திருக்கும் என்று நினைத்தாள். நினைக்கக்கூட இல்லை, யோசிக்காமல் விட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். பதினோரு பேர், அறுபத்துமூன்று நடை. அவள் தோட்டத்துக்கு மட்டும் ஏழு. ஒவ்வொரு செடித் தூரிலும் பிள்ளைக்குச் சோறு வைப்பதுபோல வண்டலை அணைத்தாள்.

ஆடி கழிவதற்குள் இலை ஓரம் காய்ந்தது. வெயில் என்றார்கள். மொட்டு சிறுத்துப் பழுப்படித்தது. பேன் பூச்சி என்று மருந்தடித்தார்கள். ஆவணி நடுவில் ஒரு மத்தியானம் திடீர் மழை பெய்து விட்டபிறகு இன்னாசியம்மாள் தோட்டத்துக்குள் போனவள் வரப்பிலேயே நின்றுவிட்டாள்.

நாற்றம். லேசாகத்தான். அழுகலும் சுண்ணாம்பும் கலந்த, இருபத்தோரு வருஷம் அவள் சேலையோடு வீட்டுக்கு வந்த நாற்றம்.

உட்கார்ந்து ஒரு தூரைக் கையால் கிளறினாள். மேலே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ஒரு சாண் கீழே மண் கறுப்பாக இல்லை. சாம்பலும் நீலமுமாக, களிம்பு மாதிரி. பிசைந்து பார்த்தாள். விரலில் சுற்றிக்கொண்டு வந்தது வேர் என்று முதலில் நினைத்தாள். இழுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஆட்டு மயிர்.

அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள். முப்பது வருஷத் தோல் ஷாப்புக் கழிவு ஆற்றின் அடியில் படிந்து கிடந்திருக்கிறது. அதைத் தோண்டி எடுத்து, வரிசை போட்டு, முறை பிரித்து, ஊரின் ஒவ்வொரு காட்டுக்கும் பங்கு வைத்துக் கொடுத்திருக்கிறாள்.

சாயங்காலம் ஜெரோமிடம் மயிரைக் காட்டினாள். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திண்டுக்கல் ரோட்டுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"யார்ட்டயாச்சும் சொன்னியா?"

"இன்னும் இல்ல."

"சொல்லாத. பூ மார்க்கெட்டுல காத்துல போன சேதியும் வெலையக் கொறைக்கும். கல்லுப்பாலம்பட்டிப் பூவுல தோல்ஷாப்பு வெசம்னு ஒருத்தன் வாயத் தொறந்தா என் வண்டிய எவன் எறக்குவான்? நம்ம தோட்டத்த நாம சத்தமில்லாம சுரண்டிப் போட்டுருவோம்."

"மத்த பத்துப் பேரு தோட்டம்?"

"அவுகளா பாத்துக்கிருவாக."

"ஐப்பசி மழை பெஞ்சா அம்புட்டும் கெணத்துக்குள்ள எறங்கிரும். அப்புறம் எங்க போய்ப் பாக்குறது? எட்டு வாரந்தான் இருக்கு."

"ஒன்னயத்தான் வெரட்டுவாய்ங்க புள்ள. நீதான் பிரிச்சுக் குடுத்த."

"வெரட்டட்டும். ஓடுறதுக்கு எனக்குக் காலு இருக்கு, கெணத்துக்கு இல்லையில்ல."

மறுநாள் காலையில் பால் சொசைட்டியில் கேன்கள் வரிசையாக நிற்கும்போது, எல்லாரும் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போனாள். ஒரு கையில் பால் தூக்கு, இன்னொரு கையில் வாளி நிறையத் தன் தோட்டத்து மண். மண்ணைத் தராசு மேடையில் கவிழ்த்தாள்.

"நாம அள்ளுனது வண்டல் இல்ல. தோல்ஷாப்புக் கழிவு. மயிரு கெடக்கு, உப்புக் கெடக்கு, இந்த நீலம் குரோமு. நாந்தேன் அள்ளச் சொன்னேன். தெரியாமச் சொன்னேன். தப்பு என்னுது. ஆனா மழைக்கு முன்னாடி இத எடுத்தாகணும்."

முதலில் வாய் திறந்தது சங்கிலி. ஊரில் டிராக்டர் வைத்திருக்கிறவன், பதினெட்டு நடை அள்ளிய பெரிய பங்குக்காரன். பக்கத்துத் தோட்டம், மதினி முறை வைத்துக் கூப்பிடுகிறவன்.

"ஏ மதினி, தெரியாமயா? ஊர்ல எவனுக்கும் தெரியாதுன்னா ஒத்துக்கலாம். இருவத்தோரு வருசம் அதுலயே பொறண்டு எந்திரிச்ச ஒனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சிருக்கணும். தெரியலப்பா."

"அம்புட்டு மூக்கு இருந்து என்னத்துக்கு? மூக்குத்தி போடவா?"

சிரித்தார்கள். சிரிப்பு நல்ல சிரிப்பாக இல்லை. ஒருவன் வாளியைக் காலால் தள்ளிவிட்டான். "மார்க்கெட்டுக்குத் தெரிஞ்சா செத்தோம். பொத்திக்கிட்டு வீட்டுக்குப் போ" என்றது ஒரு குரல். இன்னாசியம்மாள் கொட்டிக் கிடந்த மண்ணை வெறும் கையால் தொடாமல், முறத்தில் கூட்டி வாளியில் அள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். அன்றைக்கு அவள் கொண்டுபோன பாலை யாரும் அளக்கவில்லை.

பால் தூக்கை வீட்டில் வைத்துவிட்டு, வாளியோடு திண்டுக்கல் பஸ் ஏறினாள். திங்கட்கிழமை இல்லை, புதன். மனு நாள் வரை பொறுக்க அவளுக்கு நேரமில்லை. போய் நின்றது தூர்வாரும் வேலையைப் பார்க்கிற உதவிப் பொறியாளரின் ஆபீசில்; பாஸிலா என்று பேர், வேலைக்கு வந்து இரண்டு வருஷமான பெண். மேசைக்கு எதிரே பிராங்கிளின் ஏதோ ஃபைலோடு உட்கார்ந்திருந்தான்.

பாஸிலா மண்ணைப் பார்த்தாள். பேனா முனையால் மயிரைத் தூக்கிப் பார்த்தாள். முகம் மாறியது. ஆனால் பேசியது பிராங்கிளின்.

"அக்கா, நீங்கதான் விண்ணப்பம் போட்டு வாங்கிட்டீங்க. பதினோரு பேர் கையெழுத்து இருக்கு. 'எனது சொந்த விருப்பத்தின் பேரில்'னு போட்டிருக்கு. இப்ப அது உங்க மண்ணு."

"எம்மண்ணா? அப்ப வா தம்பி, ஒரு உருண்ட உருட்டித் தாரேன், வெஞ்சனத்துக்குத் தொட்டுக்க."

பாஸிலா சிரிப்பை அடக்க ஃபைலைப் பார்த்தாள். "அம்மா, எழுதிக் குடுங்க, மேல அனுப்புறேன். பரிசோதனைக்கு மாதிரி எடுக்கணும்னா தனி உத்தரவு வரணும். எப்ப வரும்னு என்னால சொல்ல முடியாது. வர்ற இருபத்திரெண்டாம் தேதி நாங்க ஆத்துல கடைசி அளவு எடுக்கிறோம். அதோட அந்த வேலை முடிஞ்சிரும்."

"முடிஞ்சிரும்னா?"

"தோண்டுன ஆழம் சரியா இருக்கு, தோண்டுன மண்ணு அப்புறப்படுத்தியாச்சுன்னு நான் கையெழுத்துப் போட்டா, காண்டிராக்டர் பொறுப்பு தீந்துச்சு."

பாஸிலா இதைச் சும்மா சொன்னாளா, வேண்டுமென்றே சொன்னாளா என்று இன்னாசியம்மாளுக்குக் கடைசிவரை தெரியாது. ஆனால் "அப்புறப்படுத்தியாச்சு" என்கிற இடத்தில் அந்தப் பெண் கொஞ்சம் நிறுத்தித்தான் சொன்னாள். பஸ்ஸில் வரும்போது அதையே திருப்பித் திருப்பி நினைத்தாள். மண் ஆற்றங்கரையில் கிடந்தால் அப்புறப்படுத்தியாச்சு என்று யார் எழுத முடியும்?

மறுநாள் ரப்பர் கையுறையும் மண்வெட்டியுமாகத் தோட்டத்தில் இறங்கினாள். செடித் தூரை ஒட்டி அணைத்த மண். வேர் அதற்குள் ஓடிப் பின்னிக் கிடந்தது. மண்ணை மட்டும் எடுக்க முடியவில்லை. பத்துச் செடி பார்த்தாள், பதினோராவதை வேரோடு சாய்த்தாள். அப்புறம் யோசிக்கவில்லை. காய்ந்ததும் காயாததும், பதிமூன்று வருஷத்துச் செடி அத்தனையும் சாய்ந்தது. வரப்பில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். "கோட்டி பிடிச்சிருச்சு" என்றாள் ஒருத்தி.

மூன்றாம் நாள் ஜெரோம் மார்க்கெட்டிலிருந்து திரும்பியவர், வண்டியைத் தோட்டத்தில் கொண்டுவந்து விட்டார். பூக்கூடை ஏற்றுகிற வண்டி. இறங்கித் தார்ப்பாயை விரித்தார்.

"பூ வண்டில இத ஏத்துனா நாறுங்க."

"கழுவிக்கிறலாம். நீ அள்ளு."

தோட்டத்துக்குள் வந்தது டிராக்டரில் ஏழு நடை. அடி மண்ணையும் ஒரு சாண் சேர்த்து வழித்ததில், டிராக்டர் கணக்குக்கு எட்டரை நடையாகத் திரும்பியது. ஆற்றுக்குள் திரும்பக் கொட்ட அவளுக்கு மனசில்லை. எந்திரம் ஆற்றுக்குள் இறங்கவென்று கரையில் ஒரு சரிவு வெட்டியிருந்தார்கள். இரண்டு பக்கமும் முள். இறங்க வேறு வழி கிடையாது. அந்தச் சரிவின் தலையில் தார்ப்பாய் விரித்து, அதன்மேல் கொட்டி, இன்னொன்றால் மூடிக் கல் வைத்தாள்.

நான்காம் நாள் சங்கிலி வரப்பில் வந்து நின்றான். கையில் ஒரு கூஜா. "என் கெணத்துத் தண்ணி. எம்மருமக சாயங்காலம் சோப்புப் போட்டா. திரியுது. ரெண்டு வருசமா திரியல, இப்பத் திரியுது."

இன்னாசியம்மாள் கூஜாவை வாங்கவில்லை. "ஒரு மழைக்கே இப்படின்னா ஐப்பசிக்கு எப்படி இருக்கும்?"

"அதத்தேன் நானும் கேக்க வந்தேன்." காறித் துப்பினான். "ஒன்ன நம்பி அள்ளுனேன் மதினி. இப்ப ஒன்ன நம்பியே கொட்டவும் போறேன். எங்க மூஞ்சியில கரியப் பூசுறதுக்குன்னே பொறந்தவ நீ."

"கரியா இருந்தா கழுவிரலாமே. கையுறை போட்டுக்க, மொதல்ல."

அவன் டிராக்டர் இறங்கியதும் மற்றவர்கள் வந்தார்கள். அவளையும் சங்கிலியையும் சேர்த்து ஒன்பது பேர் ஆனார்கள். இரண்டு பேர் கடைசிவரை வரவில்லை. ஒருவர் நிலத்தை விலை பேசிக்கொண்டிருந்தார், இன்னொருவருக்குச் சங்கிலி வருகிற இடத்துக்கு வர மனசில்லை. அந்த இரண்டு தோட்டமும் அப்படியேதான் கிடக்கின்றன. இருபத்தோராம் தேதி சாயங்காலம் சரிவு இருந்த இடமே தெரியவில்லை. நீலத் தார்ப்பாய், மஞ்சள் தார்ப்பாய், கல்யாணப் பந்தல் துணிகூட ஒன்று. ஒரு ஆளுக்கு மேலே உயரம்.

இருபத்திரண்டாம் தேதி பத்து மணிக்கு ஜீப் வந்தது. பாஸிலா, அளவுக் கோலைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர், பின்னாலேயே பைக்கில் பிராங்கிளின். அவன் இறங்கியவுடன் கத்த ஆரம்பித்தான்.

"யாரு இதக் கொட்டுனது? அரசாங்க எடம் இது! போலீஸைக் கூப்பிடுவேன்."

குவியலுக்கு முன்னால் கல்லில் உட்கார்ந்திருந்த இன்னாசியம்மாள் எழுந்திருக்கவில்லை. "கூப்பிடு தம்பி. எங்கிட்ட நம்பர் இருக்கு, வேணுமா?"

"இது உங்க மண்ணுக்கா! கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"வண்டலுக்குத்தேன் போட்டோம். நீ குடுத்தது வண்டல் இல்ல. கடையில ரவை கேட்டு வீட்டுல வந்து பிரிச்சா பல்பொடி இருந்தா, திருப்பிக் கொண்டுபோய்க் குடுக்க மாட்டியா? நாங்க திருப்பிக் குடுக்கிறோம்."

பின்னால் நின்ற சங்கிலி, "வாங்குனதுக்கு மேலயே வட்டி போட்டுத் தந்திருக்கோம்" என்றான். கூட்டம் சிரித்தது.

பிராங்கிளின் பாஸிலாவிடம் திரும்பினான். "மேடம், சுத்திக்கிட்டு அந்தப் பக்கமா எறங்கி அளந்துக்கலாம். இதுங்களோட எதுக்கு."

"அந்தப் பக்கம் முள்ளு பிராங்கிளின்."

"வெட்டச் சொல்றேன் மேடம்."

இன்னாசியம்மாள் இப்போது எழுந்தாள். பாஸிலாவுக்கு முன்னால் போய் நின்று, நகமில்லாத விரல்களை விரித்துக் காட்டினாள். கும்பிடவில்லை, குரல் தாழவும் இல்லை.

"நல்லா அளந்துக்க தாயி. ஆழம் சரியாத்தேன் இருக்கும். அடுத்த வரியில மண்ண அப்புறப்படுத்தியாச்சுன்னு எழுதப் போற. எழுது. ஆனா ஒரு தடவ இந்தத் தார்ப்பாயத் தூக்கிப் பாத்துட்டு எழுது. நான் பாக்காமப் பிரிச்சுக் குடுத்தேன், பதிமூணு வருசச் செடிய எங்கையால சாச்சேன். நீயாச்சும் பாத்துட்டு எழுது."

பாஸிலா தார்ப்பாயைத் தூக்கினாள். வெயிலுக்கு அடியில் வெந்து கிடந்த நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. அளவுக் கோல் பிடித்தவன் இரண்டடி பின்னால் போனான். அவள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு குவியலின் நீளம் முழுக்க நடந்தாள். போனில் படம் எடுத்தாள். பிராங்கிளின் யாருக்கோ போன் போட்டு, "சார், ஒரு நிமிசம் மேடம்கிட்ட பேசுங்க" என்று நீட்டினான். அவள் வாங்கவில்லை. ஜீப்பின் பானட்டில் புத்தகத்தை வைத்து எழுத ஆரம்பித்தாள். எழுதி முடித்ததும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தாள். தோண்டிய மண் கரையில் கிடக்கிறது, தோல் கழிவாக இருக்கக்கூடும், மாதிரி எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், அப்புறப்படுத்தும்வரை இறுதி அளவு எடுக்க இயலாது.

"தேதி போடு தாயி" என்றாள் இன்னாசியம்மாள். பதினோரு வருஷ மனுப் பழக்கம். "நேரமும் போட்டுரு."

மாதிரி எடுக்க ஆள் வந்தார்கள். முடிவு வருவதற்குள் காண்டிராக்டர் இரண்டு முறை ஆள் அனுப்பிச் சமாதானம் பேசினார், ஒரு முறை மிரட்டினார். பூ மார்க்கெட்டில் சேதி பரவத்தான் செய்தது. ஜெரோமின் வண்டியை மூன்று வாரம் யாரும் இறக்கவில்லை. அவர் அந்த மூன்று வாரமும் சிறுமலைக்கு வாழைத்தார் ஏற்றப் போனார். வீட்டில் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை என்று சொன்னால் பொய். தினமும் குத்தினார். தினமும் தார்ப்பாயில் கல் சரியாக இருக்கிறதா என்று போய்ப் பார்த்தும் வந்தார்.

புரட்டாசிக் கடைசியில், வானம் தெற்கே கறுத்துக்கொண்டிருந்த ஒரு காலையில், லாரிகள் வந்து நின்றன. தோல் கழிவுதான் என்று முடிவு வந்துவிட்டது, காண்டிராக்டரையே அள்ளிக்கொண்டு போகச் சொல்லி உத்தரவு. ஊர் கூடி நின்று பார்த்தது. முதல் லாரி நிரம்பியதும் இன்னாசியம்மாள் டிரைவரிடம் போனாள்.

"எங்கப்பு கொட்டப் போறீங்க?"

"தெரியலம்மா. போகப் போகப் போன்ல சொல்றேன்னாங்க."

அவள் பிராங்கிளினைத் திரும்பிப் பார்த்தாள். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க தம்பி போகுது?"

"கழிவுக் கெடங்குக்குத்தான்கா. ரூல்ஸ்படி."

"கெடங்கு எந்த ஊர்ல இருக்கு?"

அவன் ஒரு நொடி டிரைவரைப் பார்த்துவிட்டு மறுபடி போனுக்குள் குனிந்துகொண்டான். அந்த ஒரு நொடியில் அவளுக்கு ஏதோ ஒரு ஊர் தெரிந்தது. அங்கேயும் ஒரு பால் சொசைட்டி, அதில் விண்ணப்பத் தாள் கட்டு, கறுப்பு மண்ணைப் பார்த்துக் கண் விரிகிற பதினோரு பேர்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லாரியின் படியில் கால் வைத்தாள்.

"ஏ மதினி, எங்க ஏறுற?" சங்கிலி கத்தினான்.

"கூடப் போறேன். எடை போட்டு, எறக்கி, சீட்டு வாங்குறவரைக்கும் நான் எறங்க மாட்டேன்."

"அது எத்தன நாளு ஆகுமோ!"

"ஆகட்டும். நீ ரெண்டாவது லாரில ஏறு. மூணாவதுல ஆளு பாத்து ஏத்து." கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு டிரைவரைப் பார்த்தாள். "தார்ப்பாயக் கட்டிட்டியா? செரி, எடு வண்டிய. போன்ல சொல்றவுக எனக்கும் சேத்தே சொல்லட்டும், ஸ்பீக்கர்ல போடு."